குறைந்த ஓம் கொயிலும் மெக் மொட்டும்: தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா?

தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் இளைஞர்களில் சிலர், ஹட்டனில் நான் நடத்தும் மின்னணுப் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறார்கள். பித்தளைக் குழாய் போன்ற ஒரு வேப் கருவியை, அதாவது நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக உறிஞ்சும் மின்சிகரெட்டை, மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, இதுக்குப் பொயின்ட் ஒன் ஃபைவ் கொயில் போட்டா பற்றரி தாங்குமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது 0.15 ஓம் மின்தடையுள்ள, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளை. இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். தாங்கும் என்றால் பொய்யாகிவிடக்கூடும். தாங்காது என்றால், கேட்டவர் வேறொரு கடையில் வேறொரு மின்கலத்தை வாங்கிப் போட்டுக்கொள்வார். ஆகவே அவர்கள் முன்னால் உள்ள வழிகள் அனைத்தையும் பக்கம் பக்கமாக வைத்து இங்கே எழுதுகிறேன்.

மெக்கானிக்கல் மொட், சுருக்கமாக மெக் மொட் என்பது, ஓர் உலோகக் குழாய், ஒரு மின்கலம், ஒரு பொத்தான் ஆகிய மூன்றும் சேர்ந்தது. இடையில் சுற்றுப்பலகை எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினால் மின்கலத்தின் முழு வோல்டும் நேராகக் கொயிலுக்குப் போகும். விரலை எடுத்தால் நிற்கும். கொயிலின் மின்தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடும், சூடு கூடும், ஆவியும் கூடும். அடர்ந்த ஆவிக்காகவே 0.2 ஓமுக்கும் கீழே போகிறார்கள்.

சட்டத்தின் நிலையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 2016இல் வெளியான ஒழுங்குவிதிகள், புகையிலையைக் கொண்ட மின்சிகரெட்டுகளின் தயாரிப்பையும் இறக்குமதியையும் விற்பனையையும் இலங்கையில் தடை செய்கின்றன. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதும் அதே சட்டப்படி குற்றம். நான் இவற்றை விற்பதில்லை; ஆனால் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர் காயமின்றி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

முதலாவது அளவுகோல், தவறு நேர்ந்தால் மின்னோட்டத்தை நிறுத்துவது யார் என்பது. கருவிக்குள் ஒரு காவல் இருக்கிறதா, அல்லது பயன்படுத்துபவரின் கவனம் மட்டும்தானா? மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்.

இரண்டாவது, மின்கலத்தின் மேலுறையில் அச்சிட்டுள்ள எண்ணை எவ்வளவு நம்ப வேண்டியிருக்கிறது என்பது. அதிகாரபூர்வ விற்பனையே இல்லாத பொருளுக்கு அதிகாரபூர்வ மின்கலமும் கிடைப்பதில்லை. நம் பக்கம் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தலையில் கட்டும் டோர்ச்சுகளுக்காக விற்கப்படுபவை அல்லது பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. ஆகவே, அந்த எண் பொய்யாக இருந்தாலும் ஆளைக் காயப்படுத்தாத வழி எதுவோ அதுவே மேலானது.

மூன்றாவது, விபத்து நடக்கும் இடம். தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகளில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓர் அறையில் பற்றிய தீ கூரை வழியாகவே அடுத்த அறைக்குப் போய்விடும். மேல் பிரிவிலிருந்து பெரிய வீதிக்கு இறங்கவே சில தோட்டங்களில் முக்கால் மணி நேரம் ஆகும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்தாலும் அது வளைந்து வளைந்து ஏறி வர வேண்டும். தீக்காய சிகிச்சைக்குக் கண்டி வரை போக நேர்ந்தால், போகும் வழியே ஒரு வேதனை. நகரத்தில் உள்ளவர் ஏற்கும் ஆபத்தும் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ளவர் ஏற்கும் ஆபத்தும் ஒன்றல்ல.

நான்காவது, கருவியின் விலைக்கு அப்பால் வந்து சேரும் செலவுகள். ஐந்தாவது, அந்த வழி நிக்கோட்டின் பழக்கத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது.

## எல்லா வழிகளுக்கும் அடிப்படையான கணக்கு

ஓமின் விதியைச் சாதாரண தரத்தில் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்னோட்டம் என்பது வோல்டை மின்தடையால் வகுத்தால் வருவது. முழுமையாகச் சார்ஜ் ஆன ஒரு லித்தியம் அயன் மின்கலம் 4.2 வோல்ட் தரும். அதை மெக் மொட்டில் போட்டால் கிடைக்கும் அளவுகள் இவை:

| கொயிலின் மின்தடை | மின்கலத்திலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் | வலு |
|---|---|---|
| 1.0 ஓம் | 4.2 அம்பியர் | 17.6 வாட் |
| 0.5 ஓம் | 8.4 அம்பியர் | 35.3 வாட் |
| 0.3 ஓம் | 14 அம்பியர் | 58.8 வாட் |
| 0.2 ஓம் | 21 அம்பியர் | 88.2 வாட் |
| 0.15 ஓம் | 28 அம்பியர் | 117.6 வாட் |
| 0.1 ஓம் | 42 அம்பியர் | 176.4 வாட் |

இனி மின்கலத்தின் பக்கம் பார்ப்போம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதால் 18650 என்று பெயர் பெற்ற மின்கலமே இக்கருவிகளில் அதிகம். சாம்சங் 25ஆர் என்பது 2,500 மில்லியம்பியர் மணி கொள்ளளவும் 20 அம்பியர் தொடர் மின்னோட்ட வரம்பும் உடையது. சாம்சங் 30கியூ 3,000 மில்லியம்பியர் மணி கொண்டது, ஆனால் அதன் வரம்பு 15 அம்பியர்தான். முன்பு சோனியும் இப்போது முராட்டாவும் தயாரிக்கும் விடிசி5ஏ 2,600 மில்லியம்பியர் மணியும் 25 அம்பியரும் உடையது. பொதுவாகக் கொள்ளளவு கூடினால் வரம்பு குறைகிறது. இரண்டும் ஒருசேர உச்சத்தில் இருக்கும் 18650 கிடையாது. அசல் 18650 ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 4,000 மில்லியம்பியர் மணிக்கு மேல் போவதில்லை என்பதால், 9,900 என்று அச்சிட்ட மின்கலத்தைக் கண்டவுடனேயே அதன் மேலுறையில் உள்ள மற்ற எண்களையும் நம்பாமல் விட்டுவிடலாம். "40 அம்பியர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, உண்மையாகவே இருந்தாலும், சில விநாடிகளுக்கு மட்டுமே தாங்கும் துடிப்பு அளவாகத்தான் இருக்கும்.

அட்டவணையையும் இந்த எண்களையும் சேர்த்துப் படித்தால், 0.2 ஓம் ஓர் அசலான புதிய 20 அம்பியர் மின்கலத்தின் வரம்பையே தாண்டுகிறது. 0.15 ஓமை நான் மேலே சொன்ன மூன்றில் எதுவுமே தாங்காது. கடை மேசையில் கேட்கப்படும் கேள்விக்குக் காகிதக் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

சூட்டின் கணக்கு இன்னும் கடுமையானது. மின்கலத்துக்குள்ளேயே ஒரு சிறு உள்தடை உண்டு. அதில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உள்தடை 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், 20 அம்பியர் ஓடும்போது மின்கலத்துக்குள் 8 வாட் வெப்பம் பிறக்கிறது. 40 அம்பியரில் அது 32 வாட் ஆகிவிடுகிறது. பழைய மடிக்கணினி மின்கலத்தின் உள்தடை 80 மில்லி ஓமாக இருந்தால் 20 அம்பியரிலேயே அந்த 32 வாட் வந்துவிடும். உள்ளே நேர், மறைத் தகடுகளைப் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பொலித்தீன் படலம் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸில் உருகத் தொடங்குகிறது. அதன்பின் தகடுகள் ஒன்றையொன்று தொட, வெப்பம் வெப்பத்தைப் பெருக்க, பொத்தானை விட்டாலும் நிற்காத நிலை வருகிறது.

## முதல் வழி: மெக் மொட்டில் குறைந்த ஓம் கொயிலுடன் தொடர்வது

இதை விரும்புபவர்கள் சொல்லும் நன்மைகளை மறுக்கவில்லை. பழுதாகப் பலகை இல்லை; மழையிலும் மூடுபனியிலும் நனைந்தால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்; கருவி ஆண்டுக்கணக்கில் நிற்கும்; கொயிலைத் தானே சுற்றிக்கொள்வதில் ஒரு கைவினை இன்பமும் உண்டு. ஆனால் மேற்சொன்ன முதல் மூன்று அளவுகோல்களிலும் இது தோற்கிறது.

காவல் இல்லை என்பதன் பொருளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அட்டமைசரை, அதாவது கொயிலும் திரவமும் இருக்கும் மேல்பகுதியை, கருவியில் திருகும் 510 என்ற வகைப் புரியின் நடுவில் நேர்முனை ஊசி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள புரி மறைமுனை. ஹைபிரிட் மூடியுள்ள மெக் மொட்டில் இந்த ஊசி மின்கலத்தின் நேர்முனையை நேரடியாகத் தொடுகிறது. ஊசி போதிய அளவு வெளியே நீட்டிக்கொண்டிராத ஓர் அட்டமைசரை அதில் திருகினால், ஊசிக்குப் பதிலாகப் புரியே நேர்முனையைத் தொட்டுவிடும். அப்போது கொயில் வழியாக அல்லாமல் நேரடியாகவே குறுஞ்சுற்று, நாம் பேச்சில் சொல்வதுபோல் "ஷோர்ட்", ஏற்படும். மின்கலத்தின் உலோக உடல் முழுவதும் மறைமுனை என்பதால் மேலுறையில் நகக்கீறல் அளவு கிழிசல் இருந்தாலும், மேல்முனையைச் சுற்றியுள்ள காகித வளையம் நகர்ந்தாலும், குழாயின் சுவர் அதே வேலையைச் செய்துவிடும்.

பொத்தானுக்கு அடியில் உள்ள சுருள்வில்லைப் பலர் கவனிப்பதேயில்லை. தொடுமுனைகளில் களிம்பு படிந்தால் அங்கே மின்தடை கூடிச் சூடேறும்; நம் மலைக்காற்றின் ஈரத்தில் செம்பும் பித்தளையும் விரைவிலேயே மங்கிவிடுகின்றன. சூட்டில் வில் தளர்ந்து அமுங்கிப்போனால் பொத்தான் மேலே எழாது. கருவி தானாகவே எரிந்துகொண்டிருக்கும். அது சட்டைப்பையிலோ காற்சட்டைப்பையிலோ இருக்கும்போது நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை அங்கே பதிவான 195 மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, கருவியோ உதிரி மின்கலமோ பையில் இருந்தபோது நடந்தவை 61, பயன்படுத்தும்போது நடந்தவை 60, சார்ஜ் ஏறும்போது நடந்தவை 48 என்று கண்டது. 133 பேர் காயமடைந்தனர். 2018 மே மாதம் புளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சாஸிலும் வேப் கருவி வெடித்துச் சிதறிய துண்டுகளால் இடத்துக்கு ஒருவராக இருவர் உயிரிழந்தனர். மின்கலம் கக்கும் வாயுவுக்கு வெளியேறப் போதிய துளைகள் இல்லாத உலோகக் குழாயில் அழுத்தம் கூடினால் குழாயே குண்டாகிவிடுகிறது என்பதால்தான், துளையில்லாத மெக் மொட்டை நான் கையில் எடுத்தவுடனேயே மின்கலத்தை வெளியே எடுக்கச் சொல்கிறேன்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் அளவீடு. கடையில் என்னிடம் இருக்கும் சாதாரண மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். அது கம்பிகளின் சொந்த மின்தடை. அப்படிப்பட்ட கருவியால் 0.15 ஓம் கொயிலை அளப்பது, மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுப்பது போன்றது. கொயிலுக்கென்றே உள்ள ஓம் மீட்டரிலும் சிறு பிழை உண்டு. 1.0 ஓம் கொயிலில் 0.03 பிழை இருந்தால் மின்னோட்டம் 4.2க்குப் பதில் 4.33 ஆகும், யாருக்கும் எதுவும் தெரியாது. அதே 0.03 பிழை 0.15 ஓம் கொயிலில் இருந்தால், அது உண்மையில் 0.12 ஓம், மின்னோட்டம் 28 அல்ல, 35 அம்பியர். கொயிலுக்குள் திரவத்தை உறிஞ்சும் பஞ்சைத் திணிக்கும்போது கம்பியின் கால் சிறிது நகர்ந்து கம்பியைப் பிடிக்கும் தூணைத் தொட்டாலோ, இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டாலோ இந்த வேறுபாடு வந்துவிடும். குறைந்த ஓமில் பிழைக்கு இடமே இல்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டு மின்கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நீளக் குழாய்கள் இதைவிட மோசம். 8.4 வோல்டில் 0.5 ஓம் கொயில்கூட ஒவ்வொரு மின்கலத்திலிருந்தும் 16.8 அம்பியரை இழுக்கிறது, 0.2 ஓம் என்றால் 42 அம்பியர். ஒற்றை மின்கலத்தில் பழகிய கொயிலை அப்படியே அடுக்குக் குழாயில் மாட்டுபவர், மின்னோட்டத்தை இரட்டித்துவிட்டதை உணர்வதில்லை.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் அடிப்பொத்தான் உருகி ஒட்டிய மெக் மொட்டைக் கொண்டுவந்தார். மின்கலத்தின் ஊதா நிற மேலுறையில் 35 அம்பியர் என்று இருந்தது. அதைக் கீறி எடுத்தபோது உள்ளே இன்னொரு மேலுறை. மடிக்கணினிகளில் வரும் சாதாரண மின்கலம் அது. அவர் தம் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார். எடுத்துக்கொண்ட எண் பொய். அவருடைய பெருவிரலில் கொப்புளத்துடன் அது முடிந்தது என்பதற்காக இன்றும் ஆறுதல் அடைகிறேன். சரியாகக் கணக்குப் போட்டவரே அப்படி மாட்டிக்கொண்டதால், "நான் ஓமின் விதி தெரிந்தவன்" என்ற உறுதிமொழியை நான் போதுமானதாக எடுத்துக்கொள்வதில்லை.

மறைந்த செலவுகளாக அசல் மின்கலங்கள், தனிச் சார்ஜர், ஓம் மீட்டர், உதிரி மேலுறைகள், பிளாஸ்டிக் பெட்டி, மணிக்கணக்கில் தீரும் திரவம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தச் சூழ்நிலையில் இது சிறந்த தேர்வு? மலையகத்தில் அப்படியொரு சூழ்நிலையை என்னால் காட்ட முடியவில்லை.

## இரண்டாம் வழி: அதே மெக் மொட், கூடிய ஓம் கொயில்

கருவியை விட மனமில்லாதவர்களுக்கு நான் சொல்லும் இடைவழி இது. கொயிலை 0.8 ஓமுக்கும் 1.2 ஓமுக்கும் இடையில் வைத்துக்கொண்டால், மின்னோட்டம் ஏறத்தாழ 3.5 முதல் 5.3 அம்பியருக்குள் நிற்கும். மின்கலத்தின் எண்ணில் பாதி பொய்யாக இருந்தாலும் சாதாரணப் பயன்பாட்டில் அது கொதிக்காது. இரண்டாம் அளவுகோலில் இதுவே பெரிய முன்னேற்றம்.

ஆனால் முதல் அளவுகோலில் எதுவும் மாறவில்லை. கிழிந்த மேலுறை, நீளாத ஊசி, சிக்கிய பொத்தான் ஆகிய மூன்றுக்கும் கொயிலின் ஓம் ஒரு பொருட்டே அல்ல. குறுஞ்சுற்றில் மின்னோட்டம் கொயிலைத் தேடிப் போவதில்லை. மின்கலம் வற்றும்போது நிறுத்தும் ஏற்பாடும் இல்லாததால், ஆவி மெலியத் தொடங்கியதும், அதாவது ஏறத்தாழ 3.4 வோல்டில், பயன்படுத்துபவரே கழற்றிச் சார்ஜ் போட வேண்டும், 2.5 வோல்டுக்குக் கீழே இறங்கிய மின்கலத்தை மறுபடி சார்ஜ் போடுவதே ஆபத்து. நுவரெலியா, அம்பேவல பக்கத்துக் குளிர்ந்த காலைகளில் மின்கலத்தின் உள்தடை கூடி ஆவி மெலிந்து தெரியும். அதைச் சரிக்கட்ட ஓமைக் குறைப்பவர்கள் உண்டு. அவர்கள் மதியத்தில் அதே கொயிலால் முழு மின்னோட்டத்தையும் வாங்குகிறார்கள்.

பூட்டும் பொத்தான், துளைகள், ஹைபிரிட் அல்லாத மூடி ஆகிய மூன்றும் உள்ள கருவியை வைத்திருப்பவரும், பையில் போடும் முன் மின்கலத்தைக் கழற்றும் பழக்கமுள்ளவரும் மட்டுமே இந்த வழியில் நிற்கலாம். அதுவும் வேறு கருவி வாங்கும் வரைதான்.

## மூன்றாம் வழி: சுற்றுப்பலகை உள்ள கருவிக்கு மாறுவது

இங்கே மின்கலத்துக்கும் கொயிலுக்கும் நடுவில் ஒரு பலகை நிற்கிறது. குறுஞ்சுற்றைக் கண்டால் எரிய மறுக்கும். மின்கலம் வற்றினால் நிறுத்தும். பத்து விநாடி போன்ற ஒரு வரம்புக்குமேல் பொத்தான் அமுங்கியிருந்தாலும் துண்டித்துவிடும். சிக்கிய பொத்தானால் பையில் எரியும் கதையின் பெரும்பகுதி இதனால் முடிந்துபோகிறது.

மெக் மொட்டிலிருந்து மாறுபவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பவும் படிக்க வேண்டும். இந்தக் கருவிகளில் மின்கலத்திலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டத்தை முடிவு செய்வது கொயிலின் ஓம் அல்ல, நீங்கள் வைக்கும் வாட். பலகை வோல்டை ஏற்றியும் இறக்கியும் அந்த வாட்டைக் கொடுத்தே தீரும். மின்கலம் வற்ற வற்ற அதே வாட்டுக்காக இன்னும் கூடுதல் அம்பியரை இழுக்கும். மின்கலம் 3.2 வோல்டுக்கு இறங்கிய நிலையிலும் பலகை பத்தில் ஒரு பங்கை வீணாக்கும் நிலையிலும் வைத்துப் பார்த்தால், 20 வாட்டுக்கு ஏறத்தாழ 7 அம்பியர், 40 வாட்டுக்கு 14, 60 வாட்டுக்கு 21, 80 வாட்டுக்கு 28. ஒற்றை மின்கலக் கருவியில் 80 வாட் வைப்பவர் பழைய 0.15 ஓம் நிலைக்கே வந்து சேர்ந்துவிட்டார். தெரியாத மின்கலத்துடன் 20 வாட்டைத் தாண்ட வேண்டாம் என்பது என் அறிவுரை. இரட்டை மின்கலக் கருவியில் சுமை பாதியாகும். ஆனால் இரண்டையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் போட்டு, சோடி மாறாமல் வைத்திருக்க வேண்டும்.

மறைந்த செலவு, பலகையின் ஆயுள். ஈரம் புகுந்தால் அரித்துவிடும்; திரவம் கசிந்தாலும் அதே கதி. கருவியின் சிறிய சார்ஜ் துளையும் நாளடைவில் ஆட்டம் கொடுக்கும். கழற்றக்கூடிய மின்கலமாக இருந்தால் வெளிச் சார்ஜரே நல்லது. பியூஸ் போன கருவியைக் கொண்டுவந்து "நேரடியாக ஒரு வயர் போட்டுத் தாருங்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. அப்படிச் செய்தால் காவலை எடுத்துவிட்டு அவருடைய கையில் இன்னொரு மெக் மொட்டைக் கொடுத்ததாக ஆகும். கிழிந்த மேலுறையையும், சாவிக்கொத்தோடும் சில்லறைக் காசோடும் பையில் கிடக்கும் உதிரி மின்கலத்தையும் எந்தப் பலகையாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

## நான்காம் வழி: பொட், ஒருமுறைப் பாவனைக் கருவிகள்

பொட் என்பது திரவமும் கொயிலும் அடங்கிய சிறு பெட்டியை மாற்றிப் போடும் சிறிய வேப் கருவி. தீ ஆபத்தை மட்டும் பார்த்தால் இவை எளிமையானவை. சிறிய மின்கலம், 0.6 ஓம் முதல் 1.2 ஓம் வரையான ஆயத்தக் கொயில், குறைந்த வாட். கவனிக்க வேண்டியது சார்ஜர்: 5 வோல்ட், 1 அம்பியர் கேட்கும் கருவியை அதற்கேற்ற சார்ஜரில் போட வேண்டும்; உடல் உப்பினால் அன்றே நிறுத்திவிட வேண்டும். தீர்ந்துபோன ஒருமுறைக் கருவியைப் பிரித்து மின்கலத்தை மறுபடி சார்ஜ் போடுவது கூடவே கூடாது.

ஐந்தாம் அளவுகோலில்தான் இவை விழுகின்றன. பெரிய ஆவிக் கருவிகளின் திரவத்தில் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிக்கோட்டின் வழக்கம். பொட்களில் உப்பு வடிவ நிக்கோட்டின் 20 முதல் 50 மில்லிகிராம் வரை போகிறது. தொண்டையில் உறைக்காததால் எவ்வளவு எடுத்தோம் என்றே தெரிவதில்லை. சிகரெட்டே தொடாத பதினேழு வயதுப் பையன் பழவாசனைக்காக இதில் விழுந்தால், அவனுக்கு இது எந்த வகையிலும் இலாபம் அல்ல. திரவம் சிறுபிள்ளைகளுக்கு நஞ்சு. ஒற்றை அறையில் எல்லோரும் வாழும் வீட்டில் அதை எட்டாத உயரத்தில் பூட்டி வைப்பது எளிதல்ல.

## ஐந்தாம் வழி: நிக்கோட்டினை விடுவது

மின்கலம், தீ, சட்டம், செலவு ஆகிய எல்லா அளவுகோல்களிலும் இதுவே முன்னால் நிற்கிறது, கடினமும் இதில்தான். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டியும் மெல்லும் கோந்தும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. ஒட்டுப்பட்டியையும் கோந்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்துக் கடையில் கேட்பதற்கு முன் வைத்தியரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது. 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனையும் பெறலாம். தவிப்பு முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும்.

சிகரெட்டை விட்டு வேப்புக்கு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நிக்கோட்டின் வேப் பலருக்குச் சிகரெட்டை விட உதவியிருக்கிறது என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. ஆகவே மெக் மொட்டைக் கீழே வைத்த கையோடு சிகரெட்டை எடுக்க வேண்டாம். எரியும் புகையிலையின் புகை செய்யும் கெடுதியே பெரிது. நம் தோட்டங்களில் இன்னொரு பொறியும் இருக்கிறது: "வேப்பை விட்டேன், வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை மட்டும்" என்கிறார்கள். புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்குபவை. என் அப்பாவின் தலைமுறையில் அந்த நோயில் போனவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது மாற்றுவழி அல்ல.

## யாருக்கு எது

லயன் அறையிலோ மேல் பிரிவிலோ வாழ்பவருக்கு முதல் வழியை நான் எந்த நிபந்தனையோடும் பரிந்துரைக்க மாட்டேன். இன்றே விட முடியாதவர், 20 வாட்டுக்குள் வைத்த சுற்றுப்பலகைக் கருவிக்கு மாறி, அங்கிருந்து ஐந்தாம் வழிக்கு நாள் குறிக்கலாம். அதை வாங்கும் வரை மெக் மொட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், கொயில் 1.0 ஓம் பக்கமாகவே இருக்கட்டும். சிகரெட்டோ வேப்போ இதுவரை தொடாதவருக்கு இந்த ஐந்தில் எதுவும் தேவையில்லை.

விபத்து நேர்ந்துவிட்டால், எரியும் துணியைக் களைந்து, தீக்காயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடித்து, பற்பசையோ எண்ணெயோ தடவாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். காயம் லித்தியம் மின்கலத்தால் வந்தது என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மின்கலத்தின் இரசாயனம் தோலில் தொடர்ந்து அரிக்கக்கூடும் என்பதால் சிகிச்சை முறை அதற்கேற்ப மாறும்.

கருவியை விட்டுவிட முடிவு செய்தவர் மின்கலத்தை உடனே கழற்றி, இரு முனைகளிலும் டேப் ஒட்டி, உலோகம் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அடுப்பங்கரைப் பக்கம் வைக்க வேண்டாம். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் வேண்டாம், ஏனெனில் பல தோட்டங்களில் குப்பை மேட்டுக்குத் தீ வைப்பவர்கள் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். டவுனுக்கு வரும் நாளில் என் கடையிலோ வேறெந்தப் பழுதுபார்க்கும் கடையிலோ கொடுங்கள். பழைய தொலைபேசி மின்கலங்களோடு சேர்த்து மின்னணுக் கழிவு எடுப்பவர்களுக்கு அதை அனுப்பலாம்.